எண்ணிக்கை மட்டும் போதாது: டியர்போர்ன் நகரின் பாடசாலைகள் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ரொயிட் மாநகரை ஒட்டி அதன் மேற்குப் பக்கத்தில் டியர்போர்ன் என்றொரு புறநகர் உண்டு. சில வருடங்களாக அந்த நகரின் பெயர் நம் வீட்டுத் தொலைபேசிகளிலும் அடிபடுகிறது. அமெரிக்காவில் ஒரு முஸ்லிம் நகரம் உருவாகிவிட்டது என்ற தலைப்போடு காணொளிகள் வருகின்றன. பெரியவர்கள் பெருமையோடு பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அதே நகரைப் பற்றி அமெரிக்காவிலேயே வேறு சிலர் அச்சத்தோடு பேசுகிறார்கள். அங்கே அமெரிக்கச் சட்டம் செல்லாது, ஷரீஆ சட்டம்தான் நடக்கிறது என்ற பொய்யும் நெடுநாளாகப் பரப்பப்படுகிறது.

பெருமைப்படுவோரும் அஞ்சுவோரும் பார்ப்பது ஒன்றைத்தான். எத்தனை தலைகள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அதற்கு அப்பால் அந்த மக்கள் என்ன செய்தார்கள், எதற்காகப் போராடினார்கள், இப்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த நகரைப் பற்றித் தேடி வாசித்தபோது என் கவனத்தை அதிகம் ஈர்த்தவை அங்குள்ள அரசாங்கப் பாடசாலைகள். ஒரு நகரின் சனத்தொகை மாறும்போது அந்த மாற்றம் முதலில் தெரிவது வகுப்பறையின் வரவு இடாப்பில்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பொது நிறுவனத்தில் ஒரு சமூகத்துக்கு மதிப்பான இடம் கிடைப்பதற்கு அதன் எண்ணிக்கை மட்டும் காரணமாகாது. அந்த நிறுவனத்தின் வாசலுக்குள் போய், அதன் விதிகளைத் தெரிந்து, கூட்டங்களில் உட்கார்ந்து, பொறுப்பை ஏற்றுக்கொண்டால்தான் அந்த இடம் கிடைக்கும். எண்ணிக்கையில் பெரும்பான்மையான பிறகு அந்தச் சமூகத்துக்கு இன்னொரு சோதனையும் ஆரம்பமாகிறது.

காரும் குடியேற்றமும்

டியர்போர்னின் கதையை ஹென்றி போர்ட்டை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. கார் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்ற அவர் 1863ஆம் ஆண்டு இந்தப் பகுதியில்தான் பிறந்தார். 1917ஆம் ஆண்டு ரூஜ் ஆற்றங்கரையில் அவருடைய பெரிய தொழிற்சாலையின் வேலை தொடங்கியது. ஒரு பக்கம் இரும்புத் தாது உள்ளே போக, மறுபக்கம் முழுக் கார் வெளியே வரும் என்று சொல்லுமளவுக்கு அது வளர்ந்தது. 1930களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள்.

அந்த வளர்ச்சியைச் சனத்தொகைக் கணக்கிலும் காணலாம். 1920இல் டியர்போர்னில் இருந்தவர்கள் 2,470 பேர் மாத்திரமே. பத்தே வருடங்களில் அது 50,358 ஆயிற்று. இடையில் போர்ட்சன் என்ற அயல் நகரமும் அதனோடு இணைக்கப்பட்டது. 1960இல் 112,007 பேர். அதன்பின் கார்த் தொழில் தளர, மக்களும் குறைந்தார்கள். 1990இல் 89,286 ஆக இறங்கிய தொகை, 2020இல் மீண்டும் 109,976 ஆக உயர்ந்தது. டெட்ரொயிட்டும் அதைச் சூழ்ந்த பல ஊர்களும் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு நகரம் மீண்டும் நிரம்பியது. நிரப்பியவர்களில் பெரும்பாலோர் அரபு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள்.

முதலில் லெபனானிலும் சிரியாவிலும் இருந்து வந்தவர்கள் போர்ட் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்து, அதன் புகைபோக்கிகளுக்குக் கீழேயே நகரின் தென்கோடியில் குடியிருந்தார்கள். 1930களின் இறுதியிலேயே அங்கே ஒரு பள்ளிவாசல் எழுந்தது. பின்னர் பலஸ்தீனியரும் யெமன் நாட்டவரும் வந்தார்கள். 1975இல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போரும், 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கில் ஏற்பட்ட துன்பங்களும் இன்னும் ஆயிரக்கணக்கானோரை அங்கே கொண்டுசேர்த்தன. போர் நடந்த நாட்டில் பிறந்த நமக்கு, மக்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

மூடிய கதவுகள்

இன்று பெருமையோடு பேசப்படும் இந்த நகரம் ஒரு காலத்தில் வேறொரு காரணத்துக்காகப் பேர் வாங்கியது. 1942 முதல் 1978 வரை முப்பத்தாறு வருடங்கள் ஓர்வில் ஹப்பார்ட் என்பவர் மேயராக இருந்தார். குப்பையை நேரத்துக்கு அள்ளுவது, பனியை உடனே அகற்றுவது போன்ற சேவைகளால் வாக்காளர்களின் மனதை வென்றவர். ஆனால் கறுப்பின மக்கள் தன் நகரில் வீடு வாங்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதை மறைக்கவும் இல்லை. ரூஜ் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்கள் பகலெல்லாம் உழைத்தார்கள். மாலையானதும் அவர்கள் டெட்ரொயிட்டுக்கோ வேறு ஊர்களுக்கோ திரும்ப வேண்டியிருந்தது.

பாடசாலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் தாம் குடியிருக்கும் பகுதியின் அரசாங்கப் பாடசாலைக்கே போகிறார்கள். ஒருவர் எங்கே வீடு வாங்கலாம் என்று தீர்மானித்தால், அவருடைய பிள்ளை யாரோடு படிக்கும் என்பதையும் தீர்மானித்ததாகிவிடும். டெட்ரொயிட் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் தனியாக ஒதுங்கிப்போன நிலையை மாற்ற, சுற்றியுள்ள 53 புறநகர்ப் பாடசாலை மாவட்டங்களையும் சேர்த்து மாணவர்களைக் கலந்து அனுப்ப வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1974 ஜூலையில் நாட்டின் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதை நிராகரித்தது. மில்லிகன் எதிர் பிராட்லி என்ற அந்த வழக்குக்குப் பிறகு, நகர எல்லை என்பது வகுப்பறையின் சுவராகவே நின்றுவிட்டது. இன்றும் டெட்ரொயிட் மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். எல்லைக் கோட்டைத் தாண்டி டியர்போர்னுக்குள் வந்தால் அவர்கள் மிகச் சிறு வீதமே.

அரபு மக்களையும் அந்த நகரம் ஆரம்பத்தில் விரும்பி வரவேற்கவில்லை. தென்கோடியில் அவர்கள் வாழ்ந்த வீடுகளை வாங்கி இடித்து, அந்த இடத்தைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க நகர சபை முயன்றது. அந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1973இல் தமக்குச் சாதகமான தீர்ப்பையும் பெற்றார்கள். 1985 மேயர் தேர்தலில் வெற்றி பெற்ற வேட்பாளரின் துண்டுப்பிரசுரம் ஒன்று 'அரபுப் பிரச்சினை' பற்றிப் பேசுவோம் என்ற வார்த்தைகளோடு வீடு வீடாகப் போனது. பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்களை ஒரு பிரச்சினை என்று அச்சடித்து வாக்குக் கேட்ட நகரம் அது.

இந்தப் பகுதியைக் காணொளிகள் சொல்வதில்லை. இது தெரியாவிட்டால் பின்னால் வந்த மாற்றத்தின் பெறுமதியும் தெரியாது.

பாடசாலையை நடத்துவது யார்?

நமது நாட்டில் பாடசாலைகள் பற்றிய பெரிய முடிவுகள் கல்வி அமைச்சிலிருந்தோ மாகாணத்திலிருந்தோ வருகின்றன. அமெரிக்காவில் அப்படியல்ல. நமது கல்வி வலயத்தைப் போன்ற ஒரு பிரதேசத்தை அங்கே பாடசாலை மாவட்டம் என்கிறார்கள். டியர்போர்ன் மாவட்டத்தில் ஏறத்தாழ 20,000 மாணவர்கள் படிக்கிறார்கள். பக்கத்து நகரான டியர்போர்ன் ஹைட்ஸின் ஒரு பகுதியும் இதற்குள் அடங்கும். மூன்று பெரிய உயர்தரப் பாடசாலைகள் உண்டு: நகரின் கிழக்கில் 1928இல் திறக்கப்பட்ட போர்ட்சன், மேற்கில் டியர்போர்ன், 1955இல் வந்த எட்சல் போர்ட்.

இந்த மாவட்டத்தை ஏழு பேர் கொண்ட கல்விச் சபை நிர்வகிக்கிறது. அந்த ஏழு பேரையும் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். போர்ட்சன் பாடசாலையில் 1938இல் தொடங்கி இன்று ஹென்றி போர்ட் கல்லூரி என்று அழைக்கப்படும் கல்லூரியும் இதே சபையின் கீழ் இயங்குகிறது. பாடசாலை நாட்காட்டி, பணியாளர் நியமனம், வரவு செலவு எல்லாம் இவர்கள் மேசைக்கு வருகின்றன. கூட்டங்கள் பகிரங்கமானவை. எந்தப் பெற்றாரும் போய் எழுந்து நின்று பேசலாம்.

பணம் வரும் வழியும் கவனிக்கத்தக்கது. முன்பு ஒவ்வொரு ஊரின் வீட்டு வரியிலிருந்துதான் பாடசாலைச் செலவின் பெரும்பங்கு வந்தது. பணக்கார ஊருக்கு நல்ல பாடசாலை, ஏழை ஊருக்கு ஏழைப் பாடசாலை என்று அது முடிந்தது. 1994 மார்ச்சில் மிச்சிகன் மக்கள் ஒரு வாக்கெடுப்பின் மூலம் இதை மாற்றினார்கள். விற்பனை வரியை 4 வீதத்திலிருந்து 6 வீதமாக உயர்த்தி, அதைக் கொண்டு மாநிலமே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தொகையை வழங்குகிறது. 2023-24இல் அந்த அடிப்படைத் தொகை 9,608 டொலர்.

மாணவர் தலைக்கு இவ்வளவு என்றால், தலைகளை எண்ண வேண்டுமே. ஒவ்வொரு ஒக்டோபர் மாதத்தின் முதலாவது புதன்கிழமையும், பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது புதன்கிழமையும் மிச்சிகனில் மாணவர் கணக்கெடுப்பு நாட்கள். அன்று பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள் என்று பாடசாலைகள் பெற்றாரை வேண்டிக்கொள்ளும். இன்னொரு விதியும் உண்டு. ஒரு நாளில் மாணவர் வரவு நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே போனால் அந்த நாளுக்குரிய அரச நிதி குறையும். கேட்பதற்கு வரண்ட கணக்காகத் தெரியலாம். ஆனால் ஒரு பெருநாள் விடுமுறையின் பின்னால் இப்படிப்பட்ட கணக்கு நிற்கிறது.

நோன்பும் பெருநாளும் மதிய உணவும்

இன்று டியர்போர்ன் அரசாங்கப் பாடசாலைகளில் மதிய உணவுக்கு ஹலால் இறைச்சி கிடைக்கிறது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பாடசாலை நாட்களில் வந்தால் விடுமுறை உண்டு. வீட்டுக்கு அனுப்பும் அறிவித்தல்கள் அரபு மொழியிலும் போகின்றன.

இவை முஸ்லிம் பாடசாலைகள் அல்ல என்பதை நாம் மறக்கக் கூடாது. அமெரிக்க அரசாங்கப் பாடசாலை எந்த மதத்துக்கும் உரியதாக இருக்க முடியாது. பாடசாலை தானே பிரார்த்தனையை நடத்தக் கூடாது என்று 1962இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவப் பிரார்த்தனைக்கு எது பொருந்துமோ அதுவே நமது துஆவுக்கும் பொருந்தும். மாணவி ஒருத்தி தானாகத் தொழலாம். ஆசிரியர் அவளைத் தொழ வைக்க முடியாது.

அப்படியானால் பெருநாள் விடுமுறை எப்படி வந்தது? மார்க்கத்துக்காக விடுமுறை தா என்று கேட்டால் சட்டம் இடம் கொடுக்காது. பிள்ளைகளில் பெரும்பகுதியினர் அன்று வரமாட்டார்கள், வகுப்பும் நடக்காது, நிதியும் குறையும் என்று காட்டினால் சட்டம் இடம் கொடுக்கும். கேட்கும் விடயம் ஒன்றே. விதி தெரிந்தவர் கேட்கும் முறை வேறு, விதி தெரியாதவர் கேட்கும் முறை வேறு.

மொழி விடயத்திலும் அப்படித்தான். ஆங்கிலம் தெரியாத பிள்ளையை ஆங்கில வகுப்பில் சும்மா உட்கார வைப்பது சமமான கல்வி ஆகாது என்று 1974இல் ஒரு தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அரபு மக்கள் அல்லர். சன் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த சீனக் குடும்பங்கள். அவர்கள் பெற்ற நீதியின் பயன் பின்னர் யெமனிலிருந்து வந்த பிள்ளைக்கும் கிடைத்தது. ஒரு சமூகம் தனக்காக நியாயமான முறையில் வென்றெடுக்கும் உரிமை இன்னொரு சமூகத்தின் பிள்ளைக்கும் நிழல் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி போர்ட்சன் பாடசாலையின் அமெரிக்கக் காற்பந்தாட்ட அணியைப் பற்றியது. 2010ஆம் ஆண்டு ரமழான் மாதம் ஓகஸ்ட்டில் வந்தது. கடும் கோடை. போட்டிகளுக்கு முந்திய பயிற்சிக் காலமும் அதுவே. அணியில் பெரும்பாலோர் நோன்பாளிகள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உயிருக்கே ஆபத்து. நோன்பை விடு என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சியை விடு என்றும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு மைதானத்தில் விளக்கைப் போட்டு, அதிகாலை நான்கு மணி வரை பயிற்சி நடந்தது. அடுத்த வருடம் அந்த அணியைப் பற்றி ஒரு விவரணப் படமும் வெளிவந்தது.

நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை கிடைக்கிறது. அங்கே அந்த வசதி இல்லை. நோன்போடுதான் கணிதமும் விஞ்ஞானமும் பரீட்சையும். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில். ஸ்கார்ப் அணிந்தவளும் அணியாதவளும் ஒரே மேசையில். மார்க்கத்தைப் பேணுவதற்கு ஒதுங்கிய இடம் ஒன்று இருந்தால்தான் முடியும் என்று எண்ணும் பெற்றார் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கணக்கில் இல்லாத பெரும்பான்மை

"அவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் கிடைத்தது" என்று யாரும் சொல்லலாம். நூற்றுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் எதுதான் கிடைக்காது? இந்த வாதத்துக்கு அமெரிக்கச் சனத்தொகைக் கணக்கெடுப்பே பதில் சொல்கிறது.

அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில் அரபு மக்களுக்கென்று தனிக் கட்டம் இருந்ததில்லை. மத்திய கிழக்கிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் வெள்ளையர் என்ற கட்டத்துக்குள்தான் அடங்கினார்கள். தெருவில் அந்நியராகவும் தாளில் வெள்ளையராகவும் அவர்கள் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில்தான் வெள்ளையர் என்ற கட்டத்துக்குக் கீழே தம் வம்சாவளியை எழுத இடம் விடப்பட்டது. அந்த விபரம் 2023 செப்டெம்பரில் வெளிவந்தபோது, டியர்போர்ன் மக்களில் 54.5 வீதமானோர் மத்திய கிழக்கு அல்லது வட ஆபிரிக்க வம்சாவளியினர் என்று தெரிந்தது. இனி இவர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கும் என்று 2024 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்தது.

அந்தக் கணக்கெடுப்பு மார்க்கத்தைக் கேட்பதே இல்லை என்பதையும் கவனியுங்கள். அரபு மக்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஆகவே முஸ்லிம் நகரம் என்று காணொளிகள் போடும் தலைப்புக்கு அரச கணக்கில் ஆதாரமில்லை.

தாளில் பெரும்பான்மை என்று தெரிந்தது 2023இல். ஹலால் உணவும் பெருநாள் விடுமுறையும் இரவுப் பயிற்சியும் அதற்கு முன்பே வந்துவிட்டன. இடையில் நடந்தது என்ன? 1971இல் தென்கோடியின் மக்கள் சமூக நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அக்செஸ் என்று இன்று அறியப்படும் அது, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தது. படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்தது. 1990ஆம் ஆண்டளவில் சுசான் சரெய்னி என்ற பெண்மணி நகர சபைக்குள் நுழைந்த முதலாவது அரபு அமெரிக்கர் ஆனார். 'அரபுப் பிரச்சினை' என்று துண்டுப்பிரசுரம் போன நகரில், ஐந்து வருடங்களுக்குள் ஒரு பெண் வாக்குக் கேட்டு வென்றிருக்கிறார். 2021 நவம்பரில் அப்துல்லாஹ் ஹம்மூத் மேயராகத் தெரிவுசெய்யப்பட்டார். அந்நகரின் முதலாவது முஸ்லிம் மேயர் அவர்தான். 2022இல் வாக்குச்சீட்டு அரபு மொழியிலும் அச்சிடப்பட்டது.

இவற்றில் ஒன்றும் தலையெண்ணிக்கையால் தானாக விழுந்த கனியல்ல. தலைகள் நிறைய இருந்தும் கைகள் உயராத ஊர்கள் உலகில் எத்தனையோ.

பெரும்பான்மையின் சோதனை

இனி, பெருமைப்படுவோருக்குக் கசக்கக்கூடிய பகுதி.

2022 ஒக்டோபரில் டியர்போர்ன் பாடசாலை நூலகங்களில் இருந்த சில நூல்களைப் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. பாலியல் விடயங்களையும் தன்பாலினத்தவரின் வாழ்க்கையையும் பேசும் அந்நூல்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தமற்றவை என்று பல பெற்றார் எதிர்த்தார்கள். அவற்றை அகற்றக் கூடாது என்றும் சிலர் வாதிட்டார்கள். கல்விச் சபைக் கூட்டத்துக்குப் பெருங்கூட்டம் வந்தது. கூச்சலும் குழப்பமும் மூண்டு, கூட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. சில நாட்களின் பின் வேறொரு பெரிய மண்டபத்தில்தான் அதைத் தொடர முடிந்தது.

தன் பிள்ளை என்ன வாசிக்கிறது என்று கேட்பது பெற்றாரின் உரிமை. அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. என் உம்மாவும் கேட்பார். ஆனால் அடுத்தவர் பேசும்போது கத்துவது உரிமையாகாது. பல தசாப்தங்களாகத் தன் குரல் கேட்கப்பட வேண்டும் என்று போராடிய சமூகம், தனக்குப் பெரும் குரல் வந்ததும் அடுத்தவரின் குரலை மூடினால், ஹப்பார்ட் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் என்ன வித்தியாசம்? கதவு அதேதான். பூட்டியவரின் பெயர்தான் மாறியிருக்கும்.

இதே பாடசாலை மாவட்டத்தில் நடந்த இன்னொரு சம்பவம். 2003இல் ஈராக் போர் மூளவிருந்த நேரத்தில், டியர்போர்ன் உயர்தரப் பாடசாலை மாணவர் ஒருவர் அன்றைய ஜனாதிபதி புஷ்ஷைக் கண்டிக்கும் வாசகம் எழுதிய சட்டையோடு வந்தார். ஈராக்கியப் பிள்ளைகள் பலர் படிக்கும் இடத்தில் குழப்பம் வரலாம் என்று பாடசாலை தடுத்தது. வழக்கு நீதிமன்றம் போனது. குழப்பம் வரலாம் என்ற அச்சம் மட்டும் ஒருவரின் வாயை மூடப் போதுமானதல்ல என்று நீதிபதி மாணவர் பக்கம் தீர்ப்பளித்தார். நமக்குப் பிடித்த கருத்தைச் சொன்ன மாணவரைக் காத்த அதே சட்டம், நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்பவரையும் காக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு கவலையும் உண்டு. போர்ட்சன் பாடசாலையில் இன்று மிகப் பெரும்பான்மையோர் அரபு வம்சாவளியினர். யாரையும் விலக்கும் விதி அங்கே இல்லை. ஆனாலும் சேர்ந்து குடியிருப்பதால் வகுப்பறையும் ஒரே நிறமாகிவிட்டது. டெட்ரொயிட்டின் கறுப்பினப் பிள்ளை சில மைல்களுக்கு அப்பால் வேறொரு பாடசாலையில். சட்டம் பொதுவான பாடசாலையைக் கட்டித் தரலாம். பக்கத்தில் யார் உட்காருவார் என்பதை நமது வீடுகளும் நமது மனங்களும் தீர்மானிக்கின்றன.

நம் பக்கம்

நாம் படிப்பது முஸ்லிம் பாடசாலையில். இந்த நாட்டில் அது அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஒரு வகை. நமது சீருடை, நோன்பு விடுமுறை, இஸ்லாம் பாடம் எல்லாம் முன்னோர் முயன்று பெற்றுத் தந்தவை. இந்தப் பாடசாலை இல்லாதிருந்தால் என் வயதுப் பெண்கள் பலர் உயர்தர வகுப்பு வரை வந்திருக்க மாட்டார்கள். ஆகவே இதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் முஸ்லிம்கள் 9.7 வீதம். நாம் ஒருபோதும் டியர்போர்னைப் போல நாட்டில் பெரும்பான்மையாகப் போவதில்லை. அதனால்தான் எண்ணிக்கையை நம்பாமல் இடம் தேடிய அந்த மக்களின் முதல் ஐம்பது வருடங்கள் நமக்கு முக்கியமாகின்றன.

பெற்றாரிடம் ஒரு கேள்வி. நமக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு பெற்றாரும் அதில் அங்கத்தவர். பிள்ளையை அனுமதிக்க வரிசையில் நிற்கும் எத்தனை பேர் அதன் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறீர்கள்? வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது எத்தனை பேர் கேள்வி கேட்கிறீர்கள்? வாப்பாமார் கடையில் இருக்கிறார்கள், சரி. உம்மாமார் வந்தால் பின்வரிசையில் இருந்து கையை மட்டும் உயர்த்திவிட்டு ஏன் திரும்ப வேண்டும்? இது பெண்கள் கல்லூரி. இதன் விஞ்ஞான கூடத்தில் என்ன குறை, மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பாடத்துக்கு ஆசிரியை இல்லை என்பதெல்லாம் மகள் முதலில் சொல்வது உம்மாவிடம்தான்.

தோழியரிடமும் ஒரு கேள்வி. முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் பாடசாலையில் நமது சகோதரி ஒருத்தி மதிக்கப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஸ்கார்ப்பைப் பற்றி யாரும் ஏளனம் செய்தால் துடித்துப் போகிறோம். நியாயமான துடிப்பு அது. ஆனால் நம் வளவுக்குள் நாமே பெரும்பான்மை. இங்கே கற்பிக்க வரும் இந்து ஆசிரியைக்குத் தீபாவளியன்று நாம் வாழ்த்துச் சொல்கிறோமா? வேறு ஊரிலிருந்து விடுதிக்கு வந்த மாணவியின் பேச்சைக் கேலி செய்யாமல் இருக்கிறோமா? மாணவத் தலைவியர் கூட்டத்தில் நமக்கு ஒவ்வாத கருத்தை ஒருத்தி சொன்னால் அவளைப் பேசி முடிக்க விடுகிறோமா?

டியர்போர்ன் காணொளி அடுத்த முறை உங்கள் தொலைபேசிக்கு வரும்போது பெருமைப்படுங்கள். தடுக்க நான் யார்? அனுப்புவதற்கு முன், அங்கே பெருநாள் விடுமுறையை வாங்கித் தந்தவர்கள் கூட்டத்துக்குப் போனவர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். நமது அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அறிவித்தல் வரும்போது, அந்தக் கடிதத்தைப் புத்தகப் பைக்குள் மறந்துவிடாமல் வீட்டில் கொடுப்பது நமது வேலை. வந்து பேசுவது உங்கள் வேலை.